துறைமுக விடுதி – 14: கழற்றிய ஜன்னல்கள்

விடுதி வாசலில் அன்று காலை ஒரு ஜோடி மஞ்சள் பூட்ஸ் நின்றுகொண்டிருந்தது.

தெருமுனை திரும்பும்போதே ஜன்னலக்காவின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. பூட்ஸுக்கு மேலே ஒரு பெண் இருந்ததையும், அவள் தலையில் நகராட்சி முத்திரை போட்ட வெள்ளைத் தொப்பி இருந்ததையும் அப்புறம்தான் கவனித்தாள். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜன்னலாக. சரியாகச் சொன்னால், ஜன்னல் இருந்த ஒவ்வொரு இடமாக.

மூன்று மாடியிலும் ஒரு ஜன்னல்கூட இல்லை.

எல்லாம் அக்காவின் பட்டறையில் இருந்தன. சுவரில் சாய்ந்தும், பலகை மேல் படுத்தும், ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டும் காய்ந்துகொண்டிருந்தன. அவள் வேலை செய்யும் விதம் அப்படி. பழைய கட்டடத்தில் ஒரு ஜன்னலை மட்டும் கழற்றிச் சரிசெய்து மாட்ட மாட்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றுவாள். ஒரே கூரையின் கீழ் ஒன்றாகக் கிடந்து, ஒரே காற்றைக் குடித்து, ஒரே அளவு காயட்டும் என்று விட்டுவிடுவாள். அதற்கு அப்புறம்தான் இழைப்புளியைக் கையில் எடுப்பாள். "ஒரே மரத்துப் பிள்ளைங்க. ஒண்ணை மட்டும் கவனிச்சா மத்ததுங்க முறுக்கிக்கும்" என்பாள். மற்ற தச்சர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவள் மாட்டிய ஜன்னல்கள் எந்த மழைக்கும் இறுகியதில்லை.

போன வாரம் கழற்றச் சொன்னது அவள் தம்பி.

"இந்த வாரமே கழட்டிடுக்கா. வானம் தெளிவா இருக்கு. ஆய்வுக்கு ஆள் வர இன்னும் ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அதை நான் பாத்துக்கறேன். ஓட்டையை அடைக்கப் பலகையும் எங்க கிடங்குலேர்ந்து அனுப்பறேன்."

பலகை வரவில்லை. நேற்று மழை வந்தது.

துறைமுகத்துக்குப் போகும் வழியில், கப்பலுக்குக் காத்திருந்தவர்களுக்காக எந்தக் காலத்திலோ கட்டிய விடுதி அது. அதன் கடைசி மேலாளர் அக்காவின் அப்பா. விடுதியை மூடிய முதலாளியிடமிருந்து அதையே வாங்கிப்போட்டு, திறக்காமலே இறந்துபோனார். கூரையைப் போட்டு, படிக்கட்டை நிமிர்த்தி, கீழே பட்டறையும் மேலே வாடகை அறைகளுமாகத் திறந்துவிட வேண்டும் என்று அக்கா வருஷக்கணக்கில் அதிலேயே கிடந்தாள். அந்த நேரத்தில்தான் நகராட்சியின் புது விதி வந்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கட்டடங்களை நகராட்சி கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம். தப்பிக்க ஒரே வழி, பராமரிப்பு நடப்பது ஆய்வில் தெரிய வேண்டும், உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஆட்சேபிக்கவும் வேண்டும். தப்பினால் ஒரு வருஷ அவகாசம்.

உரிமையாளர்கள் மூன்று பேர். அம்மா, அக்கா, தம்பி. அந்தத் தம்பி நகராட்சியிலேயே வரைபடப் பிரிவில் இருக்கிறான். இதைவிட என்ன வசதி வேண்டும் என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"நீங்க?" என்றாள் பூட்ஸ்காரி.

"இந்தக் கட்டடத்துக்காரி. நீங்க அடுத்த மாசம்தானே வரணும்?"

"யார் சொன்னது?"

"என் தம்பி. உங்க ஆபீஸ்லதான், படம் வரையற இடத்துல..."

"ஓ, அவரோட அக்காவா நீங்க!" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அவருதானே என்னை இன்னைக்கு வரச் சொன்னாரு. நான் வேற ஒரு கட்டடம் பாக்கறதா இருந்தேன். அதை விடுங்க, இதை முதல்ல முடிங்க, இந்த வாரத்தை விட்டா சரிப்படாதுன்னு அவரே வந்து தேதியை மாத்தினாரு. தங்கமான மனுஷன். டீ கூட வாங்கிக் குடுத்தாரு."

 கேட்ட சொற்கள் எல்லாம் தெரிந்த சொற்களாகத்தான் இருந்தன. தேதி, வாரம், டீ. ஆனால் சேர்த்துப் பார்த்தால் யாரோ வேறு வீட்டுக் கதைபோல இருந்தது.

எதிர்ச்சாரியில் சைக்கிள் கடைக்காரர் வழக்கம்போல் கடையைத் திறந்துகொண்டே குரல் கொடுத்தார். "என்ன ஜன்னலக்கா, கிழவிக்குப் பல்லெல்லாம் பிடுங்கியாச்சு! எப்போ புதுப் பல்லு கட்டப் போறீங்க?"

பூட்ஸ்காரி சிரித்தாள். அக்காவுக்கு அவர்மேல் ஒரு டயரைத் தூக்கிப் போட வேண்டும்போல் இருந்தது.

"உள்ள வாங்க. உள்ள வந்து பாத்துட்டு எழுதுங்க" என்றாள்.

உள்ளே அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினாள். கூரையை அண்ணாந்து பார்த்த பெண், "நல்லா இருக்கே, யார் போட்டது?" என்று கேட்டாள். "நான்தான்." படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். "இது?" "நானும் எங்கம்மாவும்." பெண் தலையாட்டினாள். அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாம் மாடிக் கூடத்தில் அந்த மூச்சும் நின்றது. மெழுகு தேய்த்து மினுக்கி வைத்திருந்த மரத்தரையில் நேற்றைய மழை ஒரு குட்டிக் குளமாகக் கிடந்தது. அதில் வானம் தெரிந்தது. புறா ஒன்று வானத்தின் நடுவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

பூட்ஸ் குளத்துக்குள் ஒரு அடி வைத்துப் பார்த்தது. பலகை உப்பியிருந்தது.

"ஜன்னலெல்லாம் என் பட்டறையில இருக்கு. இங்கேர்ந்து ரெண்டு தெரு. வந்து பாருங்க, ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

"கட்டடத்துக்கு வெளிய இருக்கறதை நான் பாக்கக் கூடாதுங்க." பெண்ணின் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "இங்க கண்ணுக்குத் தெரியறதைத்தான் எழுத முடியும். திறந்து கிடக்கு, மழை உள்ள வருது, பறவை நடமாட்டம். மத்ததை நீங்க நகர்மன்றத்துல சொல்லுங்க, சாயங்காலம்."

"எந்தச் சாயங்காலம்?"

பூட்ஸ்காரி கேமராவை உறையில் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம்தான். அவர் சொல்லலையா?"

*

தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பட்டறையில் அம்மா மக்கு பிசைந்துகொண்டிருந்தாள். கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் மக்கை இந்தப் பட்டறையில் அம்மாதான் தயார் செய்வாள். சுண்ணப்பொடியில் எண்ணெயை விட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, ஒட்டாமல் உருளும் வரை விடமாட்டாள். டப்பாவில் வருவதை வாங்கலாம் என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "டப்பாவுல இருக்கறவனுக்குக் கை இருக்கா?" என்பாள் அம்மா.

அவளைச் சுற்றி விடுதியின் ஜன்னல்கள். ஊதிச் செய்த காலத்துக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் எதிரே போகிறவர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் லேசாக நெளிவார்கள். அக்காவும் அம்மாவும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர்கள் பெயரை வைத்திருந்தார்கள். எவ்வளவு தள்ளினாலும் முழுசாகச் சாத்தாத ஜன்னல் சின்ன மாமா. திறக்கும்போதெல்லாம் முனகுவது பெரியத்தை. காற்றே இல்லாதபோதும் படபடவென்று அடித்துக்கொள்ளும் மாடிப்படி ஜன்னல் தம்பியின் பெண்டாட்டி. இந்தக் கடைசிப் பெயர் தம்பிக்குத் தெரியாது.

"அம்மா, இன்னைக்குச் சாயங்காலம் மன்றத்துல நம்ம கட்டடம் வருதாம்."

அம்மாவின் கை நிற்கவில்லை. "அப்படியா?"

"அப்படியான்னா? ஆய்வுக்காரி காலையிலேயே வந்து ஓட்டை ஓட்டையா படம் பிடிச்சுட்டுப் போயிட்டா. தேதி குடுத்தது யாரு தெரியுமா? உன் சின்னப் பிள்ளை. என்னைக் கழட்டச் சொல்லிட்டு, அவளை வரச் சொல்லியிருக்கான். பலகை அனுப்பறேன், பலகை அனுப்பறேன்னு... நான் ஒரு மடச்சி, கிடங்குல லாரி கிடைக்கலையோ என்னமோன்னு அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்தேன்!"

"கத்தாத. கண்ணாடி அதிருது."

"அம்மா!"

"அவன் ஏதாவது நினைச்சுச் செஞ்சிருப்பான்டி. போய்க் கேளு. கேக்கறதுக்கு முன்னாடியே ஏன் குதிக்கறே?"

அக்கா அம்மாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மக்கு உருண்டையை அவள் கையிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"சரி, கேக்கறேன். ஆனா நீ வரணும். உரிமையாளர்ல யார் யாருக்கு ஆட்சேபணை, கை தூக்குங்கன்னு கேப்பாங்க. அவன் தூக்கறானோ இல்லையோ, நாம ரெண்டு பேரும் தூக்கினா மூணுல ரெண்டு. அதை வெச்சாவது ஒத்திப்போடச் சொல்லிக் கெஞ்சலாம். வருவியா?"

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் வெள்ளை.

"நீ முன்னாடி போ. நான் கையைக் கழுவி, துணி மாத்திக்கிட்டு, பட்டறையைப் பூட்டிட்டு வர்றேன்."

"தனியா வந்துடுவியா?"

"நகராட்சி ஆபீஸ் எனக்குத் தெரியாதா? உன்னைப் பெத்ததைப் பதிவு பண்ணவே நான்தான் தனியா போனேன். போடி."

அந்தக் கலவரத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா இருக்கும்போது என்ன என்று நினைத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

வரைபடப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. நீளமான அறை. சாய்வான மேசைகள். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள், ஒருவனைத் தவிர.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"அக்கா. போன் சைலண்ட்ல இருந்துச்சு."

"நீயும்தான் சைலண்ட்ல இருந்திருக்கே. எத்தனை நாளா?"

அவன் மேசைமேல் விரித்திருந்ததை ஒரு கையால் மறைக்கப் பார்த்தான். மறைக்கிற அளவுக்குச் சின்னதாக இல்லை அது. அக்கா கையைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள்.

விடுதி. ஆனால் விடுதி இல்லை. தண்ணீர் தேங்கி அவள் பார்த்த கூடத்தில் புத்தக அலமாரிகள் வரிசையாக நின்றன. அவள் பட்டறை வைக்க நினைத்த இடத்தில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். படிக்கட்டில் ஒரு கிழவர் இளைப்பாறிக்கொண்டிருந்தார். எல்லா ஜன்னலிலும் கண்ணாடி இருந்தது, எல்லாக் கண்ணாடியிலும் வெயில். அழகாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. மட்டமாக வரைந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாள்.

ஓரத்தில் அளவுகள். கூடத்தின் நீளம், உத்தரத்தின் உயரம், படிக்கட்டு திரும்பும் இடத்தில் இருக்கும் அந்தக் கோணல்.

அந்த அளவுகள் அவளுக்குத் தெரியும். போன கோடை முழுக்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்பி அளவுநாடாவோடு வந்தான். "உன் வேலைக்கு ஒரு நல்ல படம் போட்டுத் தர்றேன்கா" என்றான். நாடாவின் ஒரு முனையை அவன் பிடித்தான். மறுமுனையை அவள் பிடித்தாள். கூடத்தின் இரண்டு கோடியில் நின்று, "இழு", "விடாதே", "எவ்வளவு?" என்று கத்திக்கொண்டார்கள். எதிரொலி கேட்டுச் சின்னப்பிள்ளைகள்போல் சிரித்தார்கள். இந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

"நாடாவை நான்தானேடா பிடிச்சேன்" என்றாள். 

"அக்கா, கொஞ்சம் கேளு..."

"எனக்காகப் போடறேன்னு சொன்னே."

"போட ஆரம்பிச்சது உனக்காகத்தான். சத்தியமா. ஆனா அளந்துக்கிட்டே இருந்தப்போ தெரிஞ்சுது, உன்னால முடியாதுன்னு. யாராலயும் தனியா முடியாது. நீ ஒரு மாடியைச் சரி பண்றதுக்குள்ள இன்னொரு மாடி இறங்கிடும். அந்தக் கட்டடம் உன்னைத் தின்னுக்கிட்டு இருக்குக்கா. உன் கையைப் பாரு. நீ ஒரு நல்ல துணி போட்டு நான் பாத்து எத்தனை காலமாச்சு?"

"என் துணியைப் பாக்கவா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தே?"

"நகராட்சி எடுத்தா கட்டடம் பிழைக்கும். ஊருக்கே பயன்படும். உனக்கும் ஒரு தொகை வரும், நிம்மதியா..."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. அளந்துக்கிட்டு இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன். உன் நாடாவைப் பிடுங்கித் தெருவுல எறிஞ்சிருப்பேன். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு நானே எடுத்துட்டு வந்து குடுத்திருப்பேன். அப்படித்தானே நமக்குள்ள இருந்துச்சு?"

தம்பி பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான்.

"சொன்னா நீ சம்மதிக்க மாட்டேன்னு தெரியும்."

"அதனால ஜன்னலைக் கழட்டச் சொன்னே."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"நான் எல்லாத்தையும் ஒரேயடியா கழட்டுவேன்னு உனக்குத் தெரியும். இந்த உலகத்துல என்னைத் தவிர வேற எந்தத் தச்சனும் அப்படிக் கழட்ட மாட்டான். அது உனக்குத் தெரியும். அதை வெச்சே என்னை..." ஓரத்து அளவுகள்மேல் விரலை வைத்தாள். "அந்தப் பொண்ணுக்கு டீ வேற வாங்கிக் குடுத்திருக்கே."

"அக்கா, நான் கெட்டவன் இல்ல."

"நானும் அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள் ஜன்னலக்கா.

*

மன்ற அறையில் கூட்டம் அதிகம் இல்லை. உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டியோடு அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி. தம்பி அதிகாரிகள் பக்கம், சுவர் ஓரம். அக்கா எதிரே பொதுமக்கள் வரிசையில், பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அம்மாவுக்கு இடம் பிடித்திருந்தாள்.

அம்மா வந்தபோது முந்தைய விஷயம் முடிந்துகொண்டிருந்தது. நல்ல துணி உடுத்தியிருந்தாள். தலை வாரியிருந்தாள். லேசாக மூச்சு வாங்கியது.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"வேலை இருந்துச்சு" என்றாள் அம்மா.

திரையில் முதலில் பூட்ஸ்காரியின் படங்கள் வந்தன. ஓட்டை, ஓட்டை, ஓட்டை, குளம், புறா. யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அப்புறம் தம்பியின் படம் வந்தது. அறை முழுக்க ஒரு சின்னப் பெருமூச்சு.

"அந்தப் பழைய ஜன்னல்கள்தான் அழகே" என்றாள் தலைவி, தம்பியைப் பார்த்து. "அதை அப்படியே வெச்சிருக்கீங்க. ரொம்ப நல்லது."

தம்பி தலை குனிந்து புன்னகைத்தான்.

அக்கா எழுந்து பேசினாள். பட்டறையில் ஜன்னல்கள் காய்வதைச் சொன்னாள். கூரையைச் சொன்னாள். பலகையைச் சொல்லவில்லை. தம்பியின் பெயரை அவன் வேலை செய்யும் இடத்தில் இழுக்க, என்ன ஆனாலும், வாய் வரவில்லை. அதனால் அவள் பேச்சில் நடுவே ஒரு பெரிய பள்ளம் விழுந்தது. எல்லா ஜன்னலையும் ஏன் ஒரே நேரத்தில், அதுவும் அடைக்காமல் கழற்றினீர்கள் என்று ஒரு உறுப்பினர் கேட்டபோது, "நான் அப்படித்தான் செய்வேன்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

"மூணு உரிமையாளர்ல ஒருத்தர் நம்ம அலுவலர். தனக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஏற்கெனவே சொல்லிட்டாரு" என்றாள் தலைவி. "மத்த ரெண்டு பேரும் இங்க இருக்கீங்களா? ஆட்சேபணை இருந்தா கையைத் தூக்குங்க."

அக்கா கையைத் தூக்கினாள்.

பக்கத்தில் எதுவும் அசையவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. கழுவிய, எண்ணெய் வாசம் போகாத கைகள். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"அம்மா" என்றாள் மெதுவாக. "தூக்கும்மா."

"பெரியம்மா, கேள்வி புரிஞ்சுதா?" என்றாள் தலைவி அன்பாக. "உங்க பொண்ணு ஆட்சேபிக்கறாங்க. நீங்க?"

அம்மா எழுந்து நின்றாள்.

"எனக்கு ஆட்சேபணை இல்லீங்க."

"அம்மா!"

"இவ ஜன்னல் ஜன்னல்னு உசிரை விடறா. அவங்கப்பாவும் அப்படித்தான், அந்தக் கூடத்து ஜன்னல்ல நின்னு கப்பலைக் காட்டுவாரு வர்றவங்களுக்கெல்லாம்." அம்மா தலைவியைப் பார்த்துத்தான் பேசினாள். மகள் பக்கம் திரும்பவில்லை. "நான் அந்த விடுதியில வேலை பாத்தது பூரா கீழ் அறையில. பாத்திரம் கழுவற இடம். அங்க ஜன்னல் கிடையாது. மேல வர எனக்கு நேரமும் இருந்ததில்ல. மூடினப்போ, அப்பாடான்னு இருந்துச்சு. அதையே அவர் வாங்கிட்டு வந்து நின்னாரு. அவர் போனப்புறம் இவ பிடிச்சுக்கிட்டா. போதுங்க. எடுத்துக்கங்க."

 அம்மா உட்கார்ந்தாள். அக்காவின் கை இன்னும் மேலேயே இருந்தது. அதை எப்போது இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

அம்மா ஒருநாள் இதைச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ மத்தியானங்கள் எதிர் எதிரே உட்கார்ந்து வேலை செய்தார்கள். அத்தனை ஜன்னலுக்கும் பெயர் வைத்துச் சிரித்தார்கள். அப்போதெல்லாம் அம்மா சிரித்தது எந்த அம்மாவின் சிரிப்பு?

மன்றம் முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. விடுதியை நகராட்சி எடுத்துக்கொள்கிறது. சட்ட அலுவலர் எழுந்து, யாருக்கும் கேட்காத வேகத்தில் நிபந்தனைகளை வாசித்தார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு வரி மட்டும் தானாக வந்து விழுந்தது.

"இன்றைய தேதியில் கட்டடத்தோடு பொருத்தப்பட்டிருக்கும் கூரை, படி, கதவு, குழாய் அனைத்தும் நகராட்சியைச் சேரும்."

பொருத்தப்பட்டிருக்கும்.

அக்கா நிமிர்ந்தாள். திரையில் இன்னும் தம்பியின் படம் இருந்தது. வெயில் நிறைந்த ஜன்னல்கள். அவற்றில் ஒன்றுகூட இன்றைய தேதியில் கட்டடத்தோடு பொருந்தியிருக்கவில்லை. அத்தனையும் அவள் பட்டறையில், அவள் பூட்டுக்குள் இருந்தன. தம்பி சொன்னான் என்று கழற்றியதால் மட்டுமே இருந்தன.

சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிய அடிக்கு நடுவே, வாயில் ஒரு துளி இனிப்பு பட்டதுபோல் இருந்தது. நூலகம் கட்டட்டும். ஓட்டையோடு கட்டட்டும். அந்தக் கண்ணாடிக்கு இந்த உலகத்தில் எங்கே போவார்கள்?

தம்பிக்கு இது உறைத்ததா என்று பார்த்தாள். அவன் அமைதியாகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பாவம், இன்னும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

*

வெளியே வந்தபோது மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தம்பி படிக்கட்டில் பின்னாலேயே ஓடிவந்தான். "அம்மா, நான் வண்டியில விட்டுடறேன்" என்றான்.

அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். ஒரு கணம்தான். பிறகு, "நான் இவளோட நடந்து போறேன்" என்றாள்.

அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு மனசு இருந்தது. கால் வரவில்லை. அம்மாவுக்கு இடது முழங்கால் வலி. இறக்கத்தில் யாராவது கை கொடுக்க வேண்டும். கொடுத்தாள். இத்தனை வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்குக் கொடுத்தது. 

"திட்டறதுன்னா திட்டிடு" என்றாள் அம்மா.

"திட்ட எனக்கு ஒண்ணும் இல்ல."

"நான் சொன்னா நீ கேட்டிருக்க மாட்டே."

"அவனும் அதையேதான் சொன்னான். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒத்திகை பாத்தீங்க?"

அம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பட்டறைத் தெரு வந்தது. "நீ வீட்டுக்குப் போ. நான் ஜன்னலையெல்லாம் ஒரு தடவை பாத்துட்டு வர்றேன்" என்றாள் அக்கா. பார்க்க வேண்டும். தொட வேண்டும். இன்றைக்கு அவளிடம் மிச்சமிருந்தது அவைதான்.

அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கூடவே வந்தாள்.

கதவு பூட்டித்தான் இருந்தது. அக்கா தன் சாவியைப் போட்டுத் திறந்தாள். விளக்கைப் போட்டாள்.

முதலில் அவள் கண்டது சுவரை. பட்டறைச் சுவர் இவ்வளவு பெரியது என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. சாய்த்து வைத்திருந்த இடங்களில் எல்லாம் தூசியில் நீள நீளமான கோடுகள். பலகைகள் காலி. தரையில் லாரிச் சக்கரத்தின் ஈர மண் வாசல்வரை போயிருந்தது. ஜன்னல் ஒன்றுகூட இல்லை.

அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "மத்தியானம் என்ன வேலை இருந்துச்சும்மா உனக்கு?"

பின்னால் அம்மாவின் செருப்பு வாசலிலேயே நின்றது.

"அவன் மன்றத்துல என் கண் முன்னாடி உக்காந்திருந்தான். அவன் வரல. பின்ன யாருக்குத் திறந்துவிட்டே? யார் வந்தாங்க?"

அம்மா உள்ளே வந்து, மக்கு பிசையும் தன் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டாள். யார் என்று அவள் சொல்லவில்லை.

"பக்கத்துலயே நின்னேன்" என்றாள். "ஒரு கண்ணாடி கூட உடையாம ஏத்த வெச்சேன். நீ அதுக்குப் பயப்படாத."